செயின் பிடித்த சமவெளி: நெப்ராஸ்கா நாட்குறிப்பு

நாள் 1, ஒமாஹா

டென்வரில் விமானம் மாறிக் கிழக்கே பறக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு புலப்படம் விரிந்தது. முப்பத்தொரு வருஷம் சர்வே டிபார்ட்மென்டில் குப்பை கொட்டியவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். நம்மூர் புலப்படத்தில் ஒரு வயலாவது நாலு மூலையும் சரியாக அமைந்து பார்த்திருக்கிறேனா? ஓடை வளைந்த இடத்தில் வரப்பு வளையும். அண்ணன் தம்பி பாகம் பிரித்த இடத்தில் கோடு முடங்கும். இங்கே அடிவானம் வரைக்கும் சதுரம்தான். தெற்கு வடக்கு பிசகவில்லை. பல சதுரங்களுக்குள் பச்சையாக ஒரு வட்டம், கல்லில் வார்த்த தோசை மாதிரி.

விமான நிலையத்துக்கு வந்த மாப்பிள்ளையிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். "தண்ணி பாய்ச்சற மெஷின் மாமா. நடுவுல போர். அங்கேருந்து கால் மைல் நீளத்துக்குக் குழாய். சக்கரத்து மேல நின்னு மெதுவா சுத்தி வரும்" என்றார். 1952-ல் ஃபிராங்க் ஸைபாக் என்பவர் காப்புரிமை வாங்கிய கருவி அது. தண்ணீர், ஓகலாலா என்ற பெரும் நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து வருகிறது. சதுரம் 160 ஏக்கர், வட்டத்துக்குள் விழுவது 130 ஏக்கர் சொச்சம். நாலு மூலையும் காயும்.

குடியேறி உழுகிறவனுக்கு ஒரு காலத்தில் அமெரிக்க அரசு சும்மா கொடுத்த நிலத்தின் அளவு இந்த 160. அந்த எண்ணின் பின்னால் போவதற்காகத்தான் ஒரு வாரம் நெப்ராஸ்கா மாநிலத்தில் காரில் சுற்றப் போகிறோம். மகளுக்கு லீவு இல்லை. நான், வீட்டுக்காரி, மாப்பிள்ளை, நாலாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. அவளுக்குப் பள்ளியில் இந்த வருஷம் மாநில வரலாறு பாடம். பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சொல்லட்டும் என்று வாத்தியார் லீவு கொடுத்துவிட்டாராம்.

நாள் 2, பியாட்ரிஸ்

காலையில் லிங்கன் நகரில் தலைமைச் செயலகத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. 400 அடி கோபுரம், அதன் உச்சியில் கையால் விதை தூவும் மனிதன் சிலை. அமெரிக்காவில் ஒரே அவை கொண்ட சட்டமன்றம் இந்த ஒரு மாநிலத்தில்தான், 49 பேர். நமக்கு வேலை தெற்கே.

ஊர்ப் பெயரை 'பீட்ரிஸ்' என்று சொன்னால் பெட்ரோல் பங்கில் சிரிக்கிறார்கள். பி-யாட்-ரிஸ். அதன் பக்கத்தில்தான் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதும் ஒரு பலகை சொன்னது: இந்த இடம் சரியாக ஒரு ஏக்கர். எனக்குக் கால் நிற்குமா? ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு எட்டு வைத்து அளக்கத் தொடங்கினேன். "என்னங்க, ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு" என்று பின்னாலிருந்து குரல். பிறகு அவளே, "கார் நிறுத்த நூறு சென்ட்டா? இருபது வீட்டு மனை போடலாமே" என்றாள். இப்படி 160 மடங்கு நிலத்தை ஒரு ஆளுக்குச் சும்மா கொடுத்தார்கள் என்றதும் பேச்சு நின்றுவிட்டது.

1862 மே 20-ல் அதிபர் லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். 21 வயதான எவரும் அல்லது குடும்பத் தலைவர் எவரும் விண்ணப்பிக்கலாம். தனித்து வாழும் பெண்களும், குடிமகனாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்த வெளிநாட்டாரும்கூட. அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியிருக்கக் கூடாது. ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்ட வேண்டும். கட்டணம் மொத்தம் 18 டாலர். படிக்கப் படிக்க எனக்கு நம்மூர் நிபந்தனை ஒப்படைப் பட்டா ஞாபகம் வந்தது. குடியிருக்கிறானா, பயிர் வைத்திருக்கிறானா, விற்றுவிட்டானா என்று ஸ்தலத்தில் போய்ப் பார்ப்பதற்குள் பாதி பேர் விற்றிருப்பார்கள். இங்கும் ஆள் சளைத்தவன் இல்லை. 12-க்கு 14 அளவில் வீடு இருக்கிறது என்று சத்தியம் செய்துவிட்டு, அடிக்குப் பதில் அங்குலத்தில் பொம்மை வீடு செய்து வைத்தவர்கள் கதை இன்றும் சொல்லப்படுகிறது. சக்கரம் வைத்த வீட்டை ஒரு மனையிலிருந்து அடுத்த மனைக்கு வாடகைக்கு இழுத்துப் போனவர்களும் உண்டாம். மனசுக்கு ஏதோ நிம்மதியாக இருந்தது.

சட்டம் அமலுக்கு வந்தது 1863 ஜனவரி 1. அன்று நள்ளிரவு கழிந்த சில நிமிடங்களில் மிசௌரி ஆற்றங்கரை பிரௌன்வில் நில அலுவலகத்தில் குமாஸ்தாவை எழுப்பி முதல் மனுவைக் கொடுத்தவர் டேனியல் ஃப்ரீமன் என்பது கதை. அன்று பல ஊர் அலுவலகங்களில் பலரும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஃப்ரீமன் மனு எண் 1, பட்டாவும் எண் 1, முதல் புத்தகத்தின் முதல் பக்கம். அவருடைய 160 ஏக்கர் ஒரே சதுரம் இல்லை. நாற்பது நாற்பதாக நாலு துண்டு பொறுக்கி, ஓடையும் மரமும் தன் பக்கம் விழும்படி 'டி' எழுத்து மாதிரி வளைத்திருக்கிறார். விவரமான ஆள். மனைவி ஆக்னெஸ், போரில் இறந்த அவர் தம்பிக்கு நிச்சயமாகியிருந்த பெண். கடிதத்திலேயே கேட்டு முடித்த கல்யாணம். இருவர் கல்லறையும் மேட்டில் இருக்கிறது.

கட்டடத்துக்குப் போகும் நடைபாதையில் தகட்டில் வெட்டிய மாநில வரைபடங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்தச் சட்டத்தால் போன நிலத்தின் பங்கை ஒவ்வொரு தகட்டிலும் துளையாக வெட்டியிருக்கிறார்கள். நெப்ராஸ்காவில் 45 சதவீதம் ஓட்டை. பேத்தி அதற்குள் தலையை விட்டுப் பார்த்தாள். நாடு முழுக்கப் போனது 27 கோடி ஏக்கர், பட்டா வாங்கியவர்கள் 16 லட்சம் பேர்.

கட்டடத்துக்குப் பின்னால் பழைய புல்வெளியை மீட்டிருக்கிறார்கள். 1939-ல் தொடங்கிய வேலை. செப்டம்பர் என்பதால் புல் என் தலைக்கு மேல் நிற்கிறது. கதிர் மூன்றாகப் பிரிவதால் வான்கோழிக்கால் என்று இந்தப் புல்லுக்கு ஒரு பெயர். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், அசையவே இல்லை. பிடுங்கக் கூடாது என்று காவலர் வந்து தன்மையாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. வேர் பல அடி ஆழம் போகுமாம்.

இதற்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் ஓட்டோ-மிசௌரியா பழங்குடி மக்கள். மாநிலத்தின் பெயரே அவர்கள் சொல்தான், 'தட்டையான தண்ணீர்' என்று அர்த்தம். பிளாட் ஆற்றைச் சொன்னது. 1854 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டு அவர்கள் நிலம் கைமாறியது. மே மாதம் நெப்ராஸ்கா பிரதேசம் அறிவிக்கப்பட்டது. வரிசையைக் கவனியுங்கள். மிச்சம் விட்ட துண்டிலிருந்தும் 1881-ல் ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாள் 3, கோஸாட்

இன்று முழுக்க ரோடு. நெடுஞ்சாலை வேண்டாம், ஜல்லி ரோட்டில் போகலாம் என்று நான்தான் அடம் பிடித்தேன். மைலுக்கு ஒரு குறுக்கு ரோடு. எதிரே வரும் பிக்கப் ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள். மத்தியானத்துக்குள் நானும் தூக்கப் பழகிவிட்டேன்.

நம்மூரில் செயின் பிடித்து நிலம் அளந்தவர்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. இந்த மாநிலத்தை அளந்ததும் அதே 66 அடிச் சங்கிலிதான், நூறு லிங்க்ஸ். 80 சங்கிலி ஒரு மைல். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதில் 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதை நாலாக்கினால் நம்முடைய 160, நாற்பது சங்கிலிக்கு நாற்பது சங்கிலி. கன்சாஸ் எல்லையான 40-ஆம் அட்சரேகையை அடிக்கோடாக வைத்து அளந்திருக்கிறார்கள். ஆனால் மூலைக்கு நட என்ன இருக்கிறது? கல் கிடையாது, மரம் கிடையாது. பள்ளம் தோண்டி, கரியைப் போட்டுப் புதைத்து, மேலே மண்ணைக் குவித்துவிட்டு நடந்திருக்கிறார்கள். கரி மக்காது. குவியல் கரைந்து போனாலும் தோண்டினால் கறுப்பு தெரியும். இப்படி யோசித்தவன் மூளையைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சாயங்காலம் நேராகப் போன ரோடு சட்டென்று வலது பக்கம் ஒடிந்து, கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒடிந்து, மறுபடி வடக்கே போயிற்று. ஓடை இல்லை, மேடு இல்லை. மாப்பிள்ளை, "யாரோ தப்பா அளந்துட்டாங்க போல, மாமா" என்றார். காரை நிறுத்தச் சொன்னேன். தப்பில்லை. பூமி உருண்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். சதுரம் சதுரமாகவே இருக்க வேண்டுமானால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை கோட்டைத் தள்ளிப் போட்டுத் தொடங்க வேண்டும். அந்தத் திருத்தக் கோட்டில்தான் ரோடு ஒடிகிறது. புத்தகத்தில் படித்ததை முதல்முறையாகக் காலால் மிதித்தேன். பேத்தியை அந்த மூலையில் நிற்க வைத்து ஒரு போட்டோ. உலகம் உருண்டை என்பதற்கு அத்தாட்சியாகப் பள்ளியில் காட்டுவாளாம்.

கோஸாட் நகரில் 100-ஆம் தீர்க்கரேகைப் பலகை. யூனியன் பசிபிக் ரயில்பாதை ஒமாஹாவிலிருந்து 247 மைல் வந்து, 1866 அக்டோபரில் இந்த இடத்தைத் தொட்டது. ரயில் கம்பெனிக்குப் பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை செக்‌ஷன்கள் மானியம். சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பெல்லாம் ரயிலுக்கு, வெள்ளையெல்லாம் குடிகளுக்கு. அந்த எல்லைக்குள் இலவசம் கேட்டவனுக்கு ரொம்ப காலம் 80 ஏக்கர்தான்.

ஆனால் சட்டம் எழுதியவர்கள் பார்க்காத கோடு இந்த நூறுதான். ஏறக்குறைய இதற்கு மேற்கே வருஷத்துக்கு 20 அங்குல மழை நிச்சயமில்லை. கிழக்கே ஒரு குடும்பத்துக்குத் தாராளமான 160 ஏக்கர், மேற்கே கஞ்சிக்கும் காணாது. 'ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னால் வரும்' என்று அன்று படித்தவர்களே நம்பினார்கள். மரம் நட்டால் இன்னொரு 160 தருகிறோம் என்று 1873-ல் தனிச் சட்டமே போட்டார்கள். மழை வரவில்லை. வெட்டுக்கிளிதான் வந்தது. 1874-ல் வானத்தை மறைத்துக்கொண்டு வந்து, சோளத்தோடு மண்வெட்டிப் பிடியில் இருந்த வியர்வை உப்புக்காக மரத்தையும் அரித்ததாகச் சொல்கிறார்கள். அந்த இனமே இப்போது இல்லை. கடைசியாக உயிரோடு பிடித்தது 1902-ல்.

இரவுச் சாப்பாடு ரன்ஸா. பன்னுக்குள் மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வைத்துச் சுட்டது. வோல்கா கரையிலிருந்து வந்த ஜெர்மன் குடிகள் கொண்டுவந்த பண்டம். நாங்கள் அறையில் புளியோதரை.

நாள் 4, கஸ்டர் மாவட்டம்

மரமில்லாத ஊரில் வீடு எதில் கட்டுவது? தரையை உரித்துத்தான்.

காம்ஸ்டாக் பக்கத்தில் 1900-ல் கட்டிய டௌஸ் புல்மண் வீடு இன்னும் நிற்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம், ஆளில்லை. உள்ளே காலடி வைத்ததும் வெயில் ஊதி அணைத்த மாதிரி அடங்கிவிட்டது. ஜன்னல் மேடை அவ்வளவு அகலம், பேத்தி அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அதுதான் சுவரின் தடிமன்.

தனிக் கலப்பையால் ஓரடி அகலப் பட்டையாகப் புல்தரையை வேரோடு சீவி, மண்வெட்டியால் மூன்றடித் துண்டுகளாக நறுக்கி, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவார்கள். நேற்று முன்தினம் என் கைக்கு அசையாத அந்த வேர்தான் இங்கே சிமென்ட். ஒரு சின்ன வீட்டுக்கு அரை ஏக்கருக்கு மேல் தரை போய்விடும். 'நெப்ராஸ்கா பளிங்கு' என்று தாங்களே கேலி செய்துகொண்டார்கள். மழை பெய்தால் வெளியே நின்ற பிறகும் உள்ளே இரண்டு நாள் சொட்டும். மேலிருந்து மண்ணும் பூச்சியும் எப்போதாவது பாம்பும் விழும் என்பதால் கூரைக்குக் கீழே துணி கட்டுவார்கள். எரிக்க விறகில்லை. காய்ந்த சாணமும் முறுக்கிய வைக்கோலும். வீட்டுக்காரி, "வரட்டின்னு சொல்லுங்க" என்றாள். ஆமாம், வரட்டி.

பிறகு புரோக்கன் போ நகரின் அருங்காட்சியகம். சாலமன் புட்சர் என்பவர் 1886-ல் வண்டியில் கேமராவோடு கிளம்பி, வீடு வீடாகப் போய்க் குடிவந்தவர்களை வாசலில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாப் படத்திலும் ஒரு வீம்பு தெரிகிறது. கோவேறு கழுதை, தையல் மெஷின், பறவைக் கூண்டு, மேசையில் அறுத்த தர்பூசணி, எதெது சொத்தோ அதெல்லாம் வெளியே வந்து குடும்பத்தோடு நிற்கிறது. ஒரு படத்தில் மாடு கூரை மேலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. வீடு மேட்டைக் குடைந்து கட்டியது, அதனால்.

இன்னொரு படத்தின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். திறந்த வெளி, பின்னால் ஆடுமாடு, நடுவில் ஒரு ஆர்மோனியப் பெட்டி, பெரிய அளவில், காலால் மிதிப்பது. சுற்றிக் குடும்பம். வீட்டைக் காணவில்லை. மண் வீட்டில் இருக்கிறோம் என்று ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று அந்த அம்மாள் பெட்டியை வெளியே இழுத்து வரச் செய்து, வீடு படத்தில் விழாத இடத்தில் வைத்து எடுக்கச் சொன்னாராம். எழுந்து படத்துக்கு வெளியே ஒரு நூறடி நடந்தால் வீடு. அந்த நூறடியை மறைக்க ஒரு ஆர்மோனியம். ஊருக்குக் கடிதம் எழுதும் எவருக்கும் தெரிந்த வித்தைதான். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

நாள் 5, மணற்குன்றுகள்

டயர் வெடித்தது. ஸ்டெப்னி என்று காருக்குள் இருந்தது காற்றில்லாத ஒரு சின்ன சக்கரம். வாடகைக்கு விட்டவர்களை வீட்டுக்காரி திட்டியதை இங்கே எழுத முடியாது. போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் புல் மூடிய மணற்குன்றுகள், பத்தொன்பதாயிரம் சதுர மைலுக்கு மேல், மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய மணல்மேட்டுப் பரப்பு. ஒரு மணி நேரம் கழித்து வந்த முதல் வண்டியிலிருந்து இறங்கிய பண்ணைக்காரர் பேச்சே இல்லாமல் காற்றடித்துக் கொடுத்தார். காசு நீட்டியபோது இரண்டடி பின்னால் போனார்.

ஏர் ஏறினால் மணல் பறக்கும் பூமி இது. 160 போதாது என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டு 1904-ல் கின்கெய்ட் சட்டம், இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஆளுக்கு 640 ஏக்கர். அதை நம்பி 1907 முதல் நார்த் லூப் ஆற்றோரம் கறுப்பின மக்கள் குடியேறி அமைத்த ஊர் டிவிட்டி. பள்ளிக்கூடம், தேவாலயம், பேஸ்பால் அணி எல்லாம் இருந்தது. 1930-களில் காலியாகிவிட்டது. 83-ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் இப்போது ஒரு பலகை. பார்த்தோம், படித்தோம், காற்று பலமாக இருந்ததால் காருக்குள் வந்துவிட்டோம்.

நாள் 6, நையோப்ரரா

பேத்தி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "தாத்தா, ஸ்டாண்டிங் பேர் ஊருக்கு எப்போ போவோம்?" பள்ளியில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறாள். நான் படித்ததில்லை. அதனால் இன்று அவள் சொல்ல நான் எழுதியது பாதி.

நையோப்ரரா ஆறு மிசௌரியில் கலக்கும் இடம். போன்கா பழங்குடி மக்களின் ஊர். சண்டைக்குப் போகாதவர்கள், சோளம் போட்டவர்கள். 1858-லும் 1865-லும் ஒப்பந்தம் எழுதி, இதுதான் உங்கள் நிலம் என்று 96,000 ஏக்கருக்கு அரசே எல்லை சொல்லியிருந்தது. 1868-ல் லாராமி கோட்டையில் லகோட்டா என்ற இன்னொரு பழங்குடி மக்களோடு வேறொரு ஒப்பந்தம். அதில் எழுதிய எல்லைக்குள் இந்த 96,000 ஏக்கரும் போய்விட்டது. போன்காக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் அந்த அறையிலேயே இல்லை.

இதற்கு எங்கள் ஆபீசில் பெயர் உண்டு: இரட்டைப் பட்டா. ஒரே புல எண், இரண்டு பேர். என் சர்வீசில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டு என் கையெழுத்திலேயே நடந்தது. எழுதியவன் தவறு. ஆனால் அலைபவன் எப்போதும் நிலத்தில் நிற்கிறவன். பழைய பதிவேட்டைப் பார்த்துப் பின்னால் எழுதியதை ரத்து செய்ய வேண்டும், அவ்வளவுதான் தீர்வு. இங்கே என்ன செய்தார்கள்? பதிவேட்டை விட்டுவிட்டு ஜனங்களைத் திருத்தினார்கள். 1877-ல் படையை வைத்து போன்கா மக்களைத் தெற்கே ஓக்லஹோமாப் பக்கம் நடத்திக் கொண்டு போனார்கள். வழியிலும் போன இடத்திலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காய்ச்சலிலும் பட்டினியிலும் போனார்கள்.

தலைவர்களில் ஒருவரான ஸ்டாண்டிங் பேரின் மகனும் இறந்தான். என்னை ஆற்றங்கரையில் புதையுங்கள் என்று கேட்டிருந்தான். 1879 ஜனவரிப் பனியில் மகன் எலும்புகளை எடுத்துக்கொண்டு, முப்பது பேரோடு தகப்பன் வடக்கே நடந்தார். ஒமாஹா பழங்குடி மக்களின் நிலத்தை அடைந்தபோது கைது. கைது செய்ய உத்தரவான ஜெனரல் குரூக்கே பத்திரிகைக்காரர் டிபிள்ஸுக்கு விஷயத்தைத் தெரியப்படுத்த, இரண்டு வக்கீல்கள் காசு வாங்காமல் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அரசு வக்கீலின் வாதம் ஒரே வரிதான்: சட்டத்தின் கண்ணில் இந்தியன் (பழங்குடிகளை அப்படித்தான் சொன்னார்கள்) 'நபர்' இல்லை, ஆகவே மனுப் போட முடியாது. கையை உயர்த்திக் காட்டி, இதன் நிறம் உங்கள் கை நிறம் இல்லை, ஆனால் குத்தினால் எனக்கு வலிக்கும் என்ற பொருளில் ஸ்டாண்டிங் பேர் பேசினாராம். பேத்தி தன் கையை உயர்த்தி அதைச் சொல்லிக் காட்டினாள், சாலையோர மேசையில், சப்பாத்தியை வைத்துவிட்டு. மே 12-ல் நீதிபதி டண்டி தீர்ப்பு: இந்தியனும் நபரே. விடுதலை.

மகனை இங்கே எங்கேயோ ஒரு மேட்டில்தான் புதைத்தார். மிசௌரியைக் கடக்கும் பாலத்துக்கு இன்று ஸ்டாண்டிங் பேர் பெயர். அவர் இறந்தது 1908-ல். பட்டா எண் 1 ஃப்ரீமன் இறந்ததும் அதே வருஷம்தான். இருவரும் இந்த மாநிலத்திலேயே இருந்து செத்தார்கள். நெப்ராஸ்கா போன்காக்களைப் பழங்குடிப் பட்டியலிலிருந்தே அரசு 1960-களில் எடுத்துவிட்டது. 1990-ல் மறுபடி சேர்த்தது.

நாள் 7, நெலி

வீடு திரும்பும் வழி. தெற்கே நெலி என்ற சின்ன ஊரில் லாரல் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1877 மே மாதம் போன்காக்கள் இந்த வழியாக நடத்தப்பட்டபோது 'வெள்ளைக் காட்டெருமைப் பெண்' என்ற பெயருள்ள கைக்குழந்தை, ஒன்றரை வயது, இங்கே இறந்தது. ஊர்த் தச்சர்கள் பெட்டி செய்து கொடுத்தார்கள். போக வேண்டிய கட்டாயத்தில் தகப்பன் பிளாக் எல்க், உங்கள் பிள்ளைகளின் கல்லறை போலவே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டு நடந்தார். ஊரார் பார்த்துக்கொள்கிறார்கள். 1913-ல் பளிங்குக் கல் வைத்தார்கள்.

கல்லைச் சுற்றிப் புல் வெட்டப்பட்டிருந்தது. சின்னப் பொம்மைகள், காசுகள், ஒரு கொத்துப் பூ, நேற்றோ முந்தாநாளோ வைத்தது. இந்த ஊர்க்காரர்களின் முன்னோர் நிலமும் அந்த 160, 160-தான். எல்லாம் ஒரே ஊர்.

வீட்டுக்காரி கைப்பையில் தேடினாள். பூ ஏதும் இல்லை. பேத்தியின் தலையிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி, பொம்மைகளுக்கு நடுவே வைத்துவிட்டுக் காருக்கு நடந்தாள். பேத்தி ஒன்றும் கேட்கவில்லை. ஒமாஹா 150 மைலுக்குக் குறையாது, மழை இருட்டிக்கொண்டு வந்தது.